கம்பு முதலில், கரைசல் அப்புறம்

இயற்கை முறையில் காய்கறி போடுகிறேன் என்று சொன்னதுமே எங்கள் பக்கத்தில் வருகிற முதல் கேள்வி, “பூச்சிக்கு என்ன அடிக்கிய?” என்பதுதான். செடிக்கு எப்போது கம்பு ஊன்றினீர்கள், எதை வைத்துக் கட்டினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிற செடியில் பூச்சி கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் கையாலேயே பாதி வேலை முடிந்துவிடும், சாய்ந்து தரையில் புரள்கிற செடிக்கு அமிர்தத்தையே கரைத்து அடித்தாலும் இலையின் அடிப்பக்கம் நனையப் போவதில்லை. பூச்சி குடியிருப்பதோ அந்த அடிப்பக்கத்தில்.

பாவூர்சத்திரத்துக்கும் கடையத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் 15 சென்ட், கிணற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். 2019ல் தென்காசி மாவட்டம் என்று ஆகிவிட்டாலும் பேச்சும் காற்றும் திருநெல்வேலிச் சீமைதான். அந்தக் காற்றைப் புரிந்துகொள்ளாமல் இங்கே செடி வளர்க்க முடியாது. வைகாசிக் கடைசியில் தொடங்குகிற மேல்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்தில் சாரலைக் கொட்டிவிட்டு, கிழக்கே வர வர ஈரம் வற்றி வெறும் காற்றாக அடிக்கும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதை. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது ஒரு முழத் தக்காளிச் செடி எம்மாத்திரம்?

காற்று செடியை ஒடிப்பதோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பரவாயில்லை. இலை இலையோடு உரசிக் கிழியும், தண்டு மண்மட்டத்தில் ஆடி ஆடித் தோல் உரியும், அந்தக் காயத்தில் பூசணம் ஏறும். செடி சாய்ந்துவிட்டால் கீழ் இலைகள் மண்ணில் படும், மழையிலும் நாம் தண்ணீர் விடும்போதும் மண் தெறிக்கும், தக்காளியில் வருகிற இலைக்கருகல் பெரும்பாலும் அப்படித் தெறித்த மண்ணிலிருந்துதான் மேலே ஏறுகிறது. அதனால்தான் தக்காளிக்குக் கம்பு கட்டுவதோடு, தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடச் சொல்கிறேன். அடியில் காற்று புகுந்து போகும், இலை சீக்கிரம் காயும். மருந்தே இல்லாத மருந்து இது.

நாற்று நடுகிற அன்றைக்கே கம்பையும் ஊன்றிவிட வேண்டும். செடி இடுப்பளவு வளர்ந்து காய் பிடித்துச் சாய ஆரம்பித்த பிறகு கம்பைத் தூக்கிக்கொண்டு போனால், அது வேரை அறுத்துக்கொண்டுதான் இறங்கும். அடுத்து, எந்தப் பக்கம் ஊன்றுவது? எங்கள் ஊரில் காற்று மேற்கேயிருந்து வருகிறது, எனவே கம்பு செடிக்கு மேற்கே நிற்க வேண்டும். அப்போது காற்று செடியைக் கம்பை விட்டு விலக்கித் தள்ளும், கட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கே ஊன்றினால் ஒவ்வொரு வீச்சுக்கும் தண்டு கம்பில் மோதிக்கொண்டே இருக்கும், ஆவணிக்குள் அந்த இடம் புண்ணாகிவிடும். கட்டுகிற கயிறு 8 போட்ட மாதிரி தண்டுக்கும் கம்புக்கும் நடுவில் குறுக்கே போய் வர வேண்டும், தண்டைச் சுற்றி விரல் நுழைகிற அளவு தளர்வு இருக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கொஞ்சம் ஆடுகிற தண்டுதான் தடிக்கும், அசையவே விடாமல் கட்டிப்போட்ட செடி உயரமாக, நோஞ்சானாக வளரும், கட்டை அவிழ்த்த அன்றே மடங்கும்.

கம்புக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. சவுக்குக் கம்பு காசுக்குக் கிடைக்கிறது, நாலைந்து வருடம் உழைக்கும், சரி. ஆனால் இந்தச் சீமையில் பனைமட்டைக்கும் சீமை உடை என்கிற சீமைக் கருவேலத்துக்கும் என்ன பஞ்சம்? காய்ந்த பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற கருக்கைச் சீவிவிட்டு ஊன்றினால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தாராளமாகப் போதும். சீவாமல் விட்டால் செடியையும் அறுக்கும், கையையும் அறுக்கும். கரிசல் பக்கம் பருத்தி எடுத்து முடித்ததும் கிடக்கிற பருத்திமாரை அவரைக்கும் பீன்ஸுக்கும் குத்திவைப்பார்கள், கொடி தானாகப் பற்றிக்கொண்டு ஏறும். கட்டுவதற்கு வாழைநார் அல்லது பழைய வேட்டிக் கிழிசல். பிளாஸ்டிக் கயிறு வேண்டவே வேண்டாம், அது தண்டை அறுக்கும், மண்ணோடு கலந்துவிட்டால் எடுக்கவே முடியாது.

உயிரோடு நிற்கிற கம்பும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும், அந்தக் கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும், கொடியைத் தாங்கிப் பிடித்திருப்பது அகத்தி. முதலில் அகத்தி விதைத்து வளர்த்து, அது நிழலும் கொடுக்கிற உயரம் வந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றுவார்கள். தாங்குகிறது, வெயிலை மறைக்கிறது, காற்றைத் தணிக்கிறது, தழையை வெட்டினால் ஆட்டுக்கும் ஆகும், வீட்டுக் கீரைக்கும் ஆகும். இதைவிட நல்ல கம்பை யாராலும் செய்து விற்க முடியாது.

வாழையைச் சொல்லாமல் திருநெல்வேலியில் முட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. களக்காடு, சேரன்மகாதேவி, தாமிரபரணிக் கரை நெடுக ஏத்தனும் ரசகதலியும் குலை தள்ளிவிட்டால், குலை இழுக்கிற பக்கம் முட்டுக் கொடுத்தாக வேண்டும், சித்திரை வைகாசியில் வருகிற சூறைக்காற்று ஒரே சாயங்காலத்தில் மொத்த வருடத்தையும் படுக்க வைத்துவிடும். ஆனால் காற்றில் விழுந்தது என்று சொல்கிற வாழைகளில் சிலவற்றை முறிந்த இடத்தில் பிளந்து பாருங்கள். உள்ளே தண்டுக் கூன்வண்டு சுரங்கம் போட்டிருக்கும், வெளியே பிசின் மாதிரி ஒழுகிக் காய்ந்திருக்கும். அந்த மரத்துக்கு எத்தனை கம்பு கொடுத்தாலும் நடுவில் முறியும். வண்டு ஒளிந்துகொள்வது தண்டோடு ஒட்டித் தொங்குகிற காய்ந்த சருகுக்கும் மட்டைக்கும் அடியில், எனவே அதை அவ்வப்போது அறுத்து எடுத்துவிட வேண்டும். வெட்டிய வாழைத்தண்டை முழங்கை நீளத்துக்கு இரண்டாகப் பிளந்து, பிளந்த முகம் தரையில் படும்படி அங்கங்கே போட்டு வைத்தால் அந்த வாசனைக்கு வண்டு வந்து அடியில் சேரும், காலையில் புரட்டிப் பொறுக்கிக் கொன்றுவிடலாம். அறுவடை முடிந்த தண்டை வயலிலேயே நிற்க விட்டுவிட்டு மருந்துக்கடையில் போய் நிற்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

பந்தல் காய்களுக்கு வருவோம். புடலைக்கும் பாகலுக்கும் ஆள் உயரத்துக்குப் பந்தல், அதற்கு மேல் வேண்டாம், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். பந்தலில் காய்கள் காற்றோட்டமாகத் தொங்குவதால் அழுகல் குறைவு. புடலங்காயின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது பாம்பு மாதிரி சுருளாமல் நேராக நீளட்டும் என்பதற்காக, நேரான காய்க்குத்தான் சந்தையில் மதிப்பு. இதன் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சிலேயே ஊசி குத்தின மாதிரி குத்தி முட்டை வைத்துவிடும், காய் கோணலாகி, பழுத்த மாதிரி மஞ்சளாகி, உள்ளே புழு நெளியும். புழு உள்ளே இருக்கும்போது மேலே எதைத் தெளித்து என்ன பயன்? மூன்று வேலைதான் இதற்கு. உதிர்ந்த காய், வெம்பிய காய் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே பொறுக்கி ஆழமாகப் புதைப்பது முதல் வேலை, ஏனென்றால் புழு காயிலிருந்து மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். பந்தலுக்குக் கீழே மண்ணை அடிக்கடி கிளறிவிடுவது அடுத்தது, வெயிலும் எறும்பும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் கருவாட்டுப் பொறி. உவரிக் கருவாடோ எந்தக் கருவாடோ, விலை மலிந்த கழிவுத்தூள் போதும், நனைத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோடு வைத்துப் பந்தலில் தொங்கவிட்டால் ஈ தேடிக்கொண்டு வரும். பூனையும் தேடிக்கொண்டு வரும் என்பதால் கொஞ்சம் உயரமாகவே கட்டவும். வீட்டளவுக்குப் பத்துப் பதினைந்து காய்தான் என்றால் பிஞ்சிலேயே செய்தித்தாளைப் பைபோல் மாட்டிவிடுவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

இனி பார்ப்பது. காலையில் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு செடிக்குச் செடி இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் இயற்கை முறையின் முக்கால் பங்கு. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். ரெண்டும் வேறு பூச்சி, வேறு வைத்தியம். இலைப்பேன் காய்ந்த வெக்கையில் பெருகும், இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே கணிசமாகக் குறையும். தக்காளியில் வெள்ளை ஈ கொண்டுவருகிற இலைச்சுருள் நோய் வந்துவிட்டால் அது வைரஸ், எந்தக் கரைசலும் அதைக் குணமாக்காது, செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளுக்குச் செய்கிற நல்லது. கத்தரியில் ஒரு குருத்து மட்டும் வாடித் தலை தொங்கினால் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி வாளியைத் தூக்காதீர்கள், உள்ளே தண்டுத் துளைப்பான் புழு உட்கார்ந்திருக்கிறது. வாடின இடத்துக்கு ஒரு விரல் கீழே ஒடித்து எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக் கூடாது. இதைக் குருத்திலேயே செய்து வந்தால் காய்க்குள் போகிற புழு வெகுவாகக் குறையும்.

பார்க்கிறபோது யார் நம் ஆள், யார் வேற்றாள் என்று தெரிய வேண்டும். பொறிவண்டை எல்லாருக்கும் பிடிக்கும், அதன் குஞ்சை யாருக்கும் அடையாளம் தெரியாது. கருப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை மாதிரி ஊர்ந்து திரியும். தட்டைப்பயற்றில் அசுவினி அப்பிக்கிடந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியம்மை, “என்னல இது முள்ளு முள்ளா புழுவு, நசுக்கிரட்டா?” என்று கல்லை எடுத்துவிட்டார். “விடுங்க பெரியம்மை, அதுதான் அசுவினியத் திங்கது” என்றால் நம்பவில்லை, நின்று பார்த்து, அது ஒன்றைப் பிடித்து மென்றதைக் கண்ட பிறகுதான் கல்லைப் போட்டார். இப்போது அடுத்த வீட்டு ஆட்களுக்குப் பாடம் எடுக்கிறார். தட்டைப்பயற்றை வரப்போரம் விதைப்பதே இதற்காகத்தான், அசுவினி அங்கே சேரும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், அங்கே பெருகி மற்ற செடிகளுக்கும் போகும். கேந்தி, அதாவது செண்டுமல்லி, நாலு செடி நடுநடுவே நின்றால் தக்காளிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதில் முட்டை வைக்கும், வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூவைச் சாமிக்கும் வைக்கலாம். நெட்டைக் கம்பு ஒன்றின் உச்சியில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி நட்டுவிட்டால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும், செடியைத் தாங்குகிற வரிசையிலேயே பறவையையும் தாங்குகிற கம்பு.

பூச்சியைப் பூச்சி தின்னும் என்பது கிராமத்து ஆறுதல் பேச்சு இல்லை. 2008ல் கோயம்புத்தூரில் முதலில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைவிருக்கிறதா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று வெள்ளை வெள்ளையாக அப்பிப் பட்டுப்போக வைத்தது, எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010ல் போர்ட்டோரிகோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்கிற கடுகளவுகூட இல்லாத குளவியை வரவழைத்து, பெருக்கி, தமிழ்நாடு முழுக்க விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு உள்ளிருந்தே தின்று முடித்தது, சில மாதங்களிலேயே நிலைமை அடங்கியது. 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்ற குளவிதான் பதில். அதனால்தான் அந்த ஈயால் தென்னை ஓலையில் கரும்பூசணம் படிந்தால் விஷம் அடிக்காதே, மைதாக் கஞ்சியைத் தெளி, காய்ந்து அப்பளமாக உரிந்து விழும், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடு என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. விஷம் அடித்தால் ஈயைவிட முன்னால் சாவது அந்தக் குளவி.

சரி, இவ்வளவும் செய்தும் பூச்சி மிஞ்சினால்தான் கரைசல். நான் நம்புவது வேப்பங்கொட்டைச் சாறு ஒன்றைத்தான். ஆனி ஆடியில் உதிர்கிற வேப்பமுத்தைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்வது, பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பூசணம் பிடிக்கும். 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் அது பால் மாதிரி வெளுக்கும் வரை பிழிந்து, வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேர்த்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். இதில் இருக்கிற அசாடிராக்டின் வெயில் பட்டால் சிதைந்துபோகும், காலை 11 மணிக்கு அடித்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்றால் அது வேம்பின் குற்றம் இல்லை. இது அடித்த உடனே கொல்லாது. பூச்சியைத் தின்ன விடாது, தோல் உரிக்க விடாது, அதனால் பொறுமை வேண்டும், வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். எட்டுப் பத்து மாதத்துக்கு மேல் பழசான முத்தில் வீரியம் இருக்காது. வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்குவது நல்லது, 30 மில்லி வரை சொல்வார்கள், இளம் இலையும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் அது கருக்கிவிடும்.

ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வருகிற இலை, கசக்கிற இலை என்று பொறுக்கிக் கோமியத்தில் ஊறவைக்கிற இலைக்கரைசல் இருக்கிறது: நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் மேடைக்கு மேடை சொல்லிப் பரப்பியது. அவர் 1960களில் வேலை பார்த்தது அப்போது நம் ஜில்லாவிலேயே இருந்த கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கரிசலில் மானாவாரி விவசாயி மருந்துக்கும் உரத்துக்கும் கடன் வாங்குவதைப் பார்த்துத்தான் அந்த வேலையை விட்டு வெளியேறினார். கரைசலைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து அடிக்கலாம், நாற்றம் பிடுங்கும், பக்கத்து வீட்டில் கல்யாணம் காட்சி இருந்தால் தள்ளிப்போடவும்.

புகையிலைக் கரைசலை மட்டும் நான் சொல்ல மாட்டேன், யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன். இலையிலிருந்து வந்தது என்பதால் இயற்கை, இயற்கை என்பதால் சாது என்கிற கணக்கு இதில் செல்லாது. நிக்கோட்டின் நல்ல விஷம், தோல் வழியாகவே ஏறித் தலைசுற்றல் வாந்தி வரும், பொறிவண்டையும் தேனீயையும் சேர்த்தே கொல்லும், போதாக்குறைக்குப் புகையிலையிலிருந்து தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றலாம். துணி துவைக்கிற சோப்புத்தூளும் அப்படித்தான், இலையின் மெழுகைக் கரைத்துச் செடியைக் கருக்கிவிடும். வேம்பையும்கூடப் பூ நிறைந்த செடியில், தேனீ சுற்றுகிற நேரத்தில் அடிக்கக் கூடாது.

மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். மலையடிவாரத்தில் இருக்கிற எவருக்கும் அதற்குப் பதில் இல்லை. மயிலுக்கு நாற்றங்காலை மட்டும் பழைய மீன்வலையால் மூடுகிறேன், பன்றிக்கு வேலிதான், அதுவும் வலுவான வேலி.

கடைசியாகக் கம்பையே ஒருமுறை கவனிக்க வேண்டும். காய் முடிந்ததும் பலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கம்பையும் பழைய கட்டுக்கயிற்றையும் அப்படியே அடுத்த போகத்துக்கு விட்டுவிடுகிறார்கள். கட்டு மடிப்புக்குள் மாவுப்பூச்சியின் முட்டைப்பை இருக்கும், மண்ணுக்குள் இருக்கிற முனையில் கரையான் இருக்கும். கட்டுக்கயிற்றையெல்லாம் அவிழ்த்து எரித்துவிட்டு, கம்புகளைப் பிடுங்கி நாலு நாள் நல்ல வெயிலில் போட்டு, மண்ணில் இறங்குகிற ஒரு முழத்துக்கு வேப்பெண்ணெய் தடவி, தரையில் படாமல் கிணற்றடிக் கூரையில் சொருகி வையுங்கள். மழைக்காலப் பிசானப் போகத்துக்கு முன்னால் கத்தரி நாற்று தயாராகும்போது திரும்ப இறக்கினால் போதும்.